உடும்புப் பிடியும் ஒரு மாணவியின் கையெழுத்தும்



நீண்ட நாள்களாக எழுத வேண்டும் என்று எண்ணி, எழுதக் கூச்சப்பட்டுத் தள்ளிப்போட்டு வந்த செய்தி இது. பிறருடைய பிழையை எழுதுவது எளிது. தன் பிழையை எழுதும்போதுதான் பேனா நகர மறுக்கிறது. ஆயினும் என்னைப் போலவே சிவப்பு மையைக் கையில் வைத்திருக்கும் ஆசிரியர்கள் பலர் இப்பக்கத்தைப் படிக்கிறீர்கள். உங்களுள் ஒருவருக்கேனும் பயன்படும் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

என் ஐந்தாம் ஆண்டு வகுப்பில் ஒரு மாணவி இருந்தாள். அமைதியானவள். கேட்ட கேள்விக்கு மட்டும் விடை சொல்வாள். செவ்வாய் முதல் வெள்ளி வரை அவளுடைய எழுத்து ஓரளவு தெளிவாகவே இருக்கும். திங்கட்கிழமை வந்துவிட்டால் கோழி கிளறிய மண் போல் ஆகிவிடும். ணகரமும் னகரமும் ஒன்றுபோல் தோன்றும். சுழிகள் திறந்தே கிடக்கும். வார இறுதியில் கைப்பேசியோடு பொழுதைக் கழித்துவிட்டு, வீட்டுப்பாடத்தை அவசரத்தில் கிறுக்கிக்கொண்டு வருகிறாள் என்று நானாகவே முடிவு செய்துகொண்டேன். அவளிடம் ஒரு சொல் கேட்கவில்லை.

ஒரு திங்கட்கிழமை கட்டுரை ஏட்டைத் திறந்தபோது எனக்குப் பொறுமை போய்விட்டது. "கையெழுத்து வர வர மோசமாகிறது. பெற்றோர் கவனிக்க!" என்று சிவப்பு மையால் எழுதினேன். ஓய்வு நேரத்தில் வகுப்பிலேயே அமர்ந்து அந்தக் கட்டுரையை மீண்டும் எழுதும்படி பணித்தேன். அவள் மறுப்பு ஏதும் கூறவில்லை. எழுதினாள். இரண்டு வரிக்கு ஒருமுறை பென்சிலை வைத்துவிட்டுக் கையை உதறிக்கொண்டாள். அதையும் நான் சோம்பல் என்றே எண்ணினேன்.

பிறகு தண்ணீர்ப் போத்தலை எடுத்தாள். மூடியைத் திருகினாள், திறக்கவில்லை. இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து அழுத்தித் திருகினாள், அப்போதும் திறக்கவில்லை. அருகில் இருந்த தோழியிடம் நீட்டினாள். தோழி ஒரே திருகலில் திறந்து கொடுத்தாள். அப்போதுதான் அவள் விரல்களைப் பார்த்தேன். நடுவிரலிலும் மோதிர விரலிலும் வெள்ளை நாடா சுற்றியிருந்தது. நாடாவின் ஓரத்தில் தோல் சிவந்து உரிந்திருந்தது.

"என்னம்மா இது?" என்று கேட்டேன்.

"நேத்து ஜூடோ போட்டி டீச்சர். அஞ்சு தடவ விளையாடினேன். கை இன்னும் நான் சொல்றத கேக்கல."

அவள் அதைப் புகாராகச் சொல்லவில்லை. மழை பெய்கிறது என்று சொல்வதுபோல் சொன்னாள். எனக்குத்தான் முகம் சுருங்கியது. ஐந்து மாதங்களாக என் வகுப்பில் அமர்ந்திருக்கும் பிள்ளை ஜூடோ பயில்கிறாள் என்பதுகூட எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

சிவப்பு மை செய்த வேலை

அன்றே அந்தக் குறிப்பை அடித்திருக்க வேண்டும். வேலை மிகுதியில் மறந்துவிட்டேன். ஏடு வீட்டுக்குப் போய்விட்டது.

வியாழக்கிழமை அவளுடைய தாயார் பள்ளிக்கு வந்தார். சிங்கப்பூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்பவர். ஸ்கூடாயில் வாழ்பவர்களுக்கு இந்த வாழ்க்கையை விளக்க வேண்டியதில்லை. விடியும் முன்பே மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு, ஜொகூர் பாலத்தின் நெரிசலில் ஊர்ந்து, மாலையில் அதே வழியில் திரும்பும் ஆயிரக்கணக்கானோரில் அவரும் ஒருவர். அன்று அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்திருந்தார்.

"டீச்சர், நீங்க எழுதினத பாத்தோம். மன்னிச்சுக்குங்க. இந்த மாசத்தோட ஜூடோவ நிறுத்திடலாம்னு இருக்கோம். படிப்புதான் முக்கியம். பொம்பளப் பிள்ளைக்கு இதெல்லாம் எதுக்குன்னு வீட்டுல பெரியவங்களும் சொல்றாங்க."

யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-இல் அகற்றப்பட்டுவிட்டது. ஆனால், அந்தத் தேர்வு விதைத்த அச்சம் நம் பெற்றோர்களின் நெஞ்சிலிருந்து இன்னும் அகலவில்லை. ஆசிரியர் எழுதிய ஒரு வரி போதும். ஒரு பிள்ளையின் விருப்பம் முடிவுக்கு வந்துவிடும். என் ஆறு சொற்கள் அந்த வேலையைத்தான் செய்திருந்தன.

"அம்மா, எனக்கு ஒரு வாரம் தாங்க. அதுவரைக்கும் எதையும் முடிவு பண்ணாதீங்க," என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று அப்போது எனக்கே தெளிவில்லை. என் குறிப்பால் விளைந்ததை நானே சரிசெய்ய வேண்டும் என்பது மட்டும் தெரிந்தது.

தொங்கிய சட்டை

அந்தச் சனிக்கிழமை தாமான் யுனிவர்சிட்டி பக்கம், ஒரு கடைவீட்டின் மேல்மாடியில் நடக்கும் பயிற்சி வகுப்புக்குச் சென்றேன். பயிற்றுநர் ஒரு சீனப் பெண்மணி. என் வயதை ஒத்தவர். மலாய்மொழியில் உரையாடினோம். "சிக்கு, வாருங்கள்" என்று வரவேற்றார். பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் வெண்ணிற உடையில் விரிப்பின்மேல் உருண்டுகொண்டிருந்தனர். மலாய், சீனம், தமிழ் என எல்லா மொழிகளும் அங்குக் கலந்து கேட்டன.

நான் வந்த காரணத்தைக் கூறினேன். அவர் பதில் சொல்லவில்லை. தடித்த ஜூடோச் சட்டை ஒன்றை எடுத்து, சுவரில் பொருத்தியிருந்த இரும்புக் கம்பியின்மேல் போட்டார். இரண்டு மடிப்புகளும் இருபுறமும் தொங்கின. "அதைப் பிடித்துத் தொங்கிப் பாருங்கள்" என்றார்.

ஆசிரியைக்கு எதற்கு இந்த விளையாட்டு என்று தயங்கினேன். பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சரி என்று பிடித்தேன். கால்களைத் தரையிலிருந்து எடுத்த கணமே, அந்தத் துணி வழுக்கும் மீனாக மாறிவிட்டது. பயிற்றுநர் ஏழு எண்ணுவதற்குள் கீழே நின்றேன். முன்கை எரிந்தது. அடுத்து என் மாணவி பிடித்தாள். முப்பது எண்ணிய பிறகும் தொங்கிக்கொண்டிருந்தாள்.

"இப்போது உங்கள் பெயரை எழுதுங்கள்" என்று ஒரு தாளையும் பேனாவையும் நீட்டினார் பயிற்றுநர். எழுதினேன். இருபது ஆண்டுகளாகக் கரும்பலகையில் பிசிறின்றி எழுதிவரும் என் எழுத்து, முதலாம் ஆண்டுப் பிள்ளையின் எழுத்தாக இருந்தது. ஏழு நொடித் தொங்கலுக்கே இந்த நிலை! ஐந்து ஆட்டம் ஆடிய பிள்ளையின் எழுத்துக்கு நான் என்ன மதிப்பெண் போட்டிருந்தேன் என்பது நினைவுக்கு வந்தது.

விரலின் வலு விரலில் இல்லை

வீடு திரும்பியதும் படிக்கத் தொடங்கினேன். படித்தவற்றுள் நமக்கு வேண்டியதை மட்டும் இங்குத் தருகிறேன்.

இடக்கையால் உங்கள் வலது முன்கையைப் பற்றிக்கொண்டு, வலக்கை விரல்களை இறுக மடக்கிப் பாருங்கள். முழங்கைக்குக் கீழே சதை திரண்டு அசைவதை உணரலாம். விரல்களை மடக்கும் பெரிய தசைகள் விரலில் இல்லை, முன்கையில் உள்ளன. பொம்மலாட்டக் கயிறுகள் போல் தசைநாண்கள் மணிக்கட்டின் வழியே சென்று விரல்களை இழுக்கின்றன. பென்சிலைப் பிடிப்பதற்கு உள்ளங்கையின் சிறு தசைகளும் உதவும். ஆனால், அந்த முன்கைத் தசைகள் சோர்ந்துவிட்டால் பென்சிலும் தடுமாறும்.

அடுத்து, பிடியை இறுக்கும்போது நடப்பது என்ன? ஓடும்போதும் நடக்கும்போதும் தசை சுருங்கி விரிந்து, சுருங்கி விரிந்து, இரத்தத்தைத் தள்ளிவிட உதவுகிறது. ஒன்றை விடாமல் இறுகப் பிடித்திருக்கும்போது தசை விரிவதே இல்லை. திரண்ட தசை தனக்குள் ஓடும் இரத்தக் குழாய்களைத் தானே நெரித்துக்கொள்கிறது. தோட்டத்தில் நீர் பாயும் இரப்பர்க் குழாயை ஒருவர் மிதித்துக்கொண்டு நிற்பதற்கு ஒப்பானது இது. உயிர்வளி வருவது குறைகிறது. வேலையின்போது உண்டாகும் கழிவுகள் அங்கேயே தேங்குகின்றன. எரிச்சல், நடுக்கம், பிடி நழுவுதல் எல்லாம் இதன் விளைவுகள்.

ஜூடோவில் பிடியே முதற்பாடம். அதனை ஜப்பானியர் குமிகாத்தா என்பர். ஒரு கை எதிராளியின் சட்டைக் கையைப் பற்றி இழுக்கும். மற்றொரு கை கழுத்துப்பட்டையைப் பற்றி உயர்த்தும். எதிராளியோ அந்தப் பிடியை அறுத்தெறிய முழு உடலையும் திருப்புவார். பிடி கிடைக்காமல் எறிதல் இல்லை. காலைக் கையால் பற்றி வீழ்த்தும் உத்திகள் 2010-இல் கட்டுப்படுத்தப்பட்டு, 2013-இல் முற்றாக விலக்கப்பட்டன. அதன்பின் சட்டைப் பிடிக்கான போராட்டம் மேலும் கடுமையாகியது. பிடிக்காமல் ஒதுங்கியே நின்றாலும் தண்டனை உண்டு. ஷிடோ எனப்படும் அந்தத் தண்டனை மூன்று முறை கிடைத்தால் ஆட்டமே போய்விடும்.

ஓர் ஆட்டத்தின் நேரம் 4 நிமிடம். 2017 முதல் ஆண்களுக்கும் பெண்களுக்கும் அதே நேரம்தான். அதற்குள் முடிவு கிட்டாவிட்டால் கோல்டன் ஸ்கோர் எனப்படும் கூடுதல் நேரம் தொடங்கும். அதற்கு எல்லை கிடையாது. ஓர் எடைப்பிரிவின் ஆட்டங்கள் யாவும் ஒரே நாளில் நடந்து முடியும். பதக்கம் வரை செல்பவர் நான்கைந்து முறை களமிறங்க வேண்டியிருக்கும். இரண்டு ஆட்டங்களுக்கு இடையில் உறுதியளிக்கப்படும் ஓய்வு வெறும் 10 நிமிடம்தான். மூச்சு அதற்குள் சீராகிவிடக்கூடும். முன்கை முழுமையாக மீளுவதில்லை. அடுத்தடுத்த ஆட்டங்களில் கைப்பிடி வலு படிப்படியாகக் குறைவதை வலுமானி கொண்டு அளந்து பதிவு செய்திருக்கிறார்கள்.

இங்கு எனக்கு வியப்பூட்டிய செய்தி ஒன்று உண்டு. வலுமானியை ஒரேயொரு முறை முழுப் பலத்தோடு அழுத்தச் சொன்னால், தலைசிறந்த வீரருக்கும் நடுத்தர வீரருக்கும் பெரிய வேறுபாடு தெரிவதில்லை. எவ்வளவு நேரம் பிடிக்கிறார், தளர்ந்தபின் எத்தனை முறை மீண்டும் பிடிக்கிறார் என்பதில்தான் வேறுபாடு தெரிகிறது. பிரேசில் நாட்டின் சாவ் பாவுலோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எமர்சன் ஃபிராங்கினி போன்றோர், இதற்காகவே ஜூடோச் சட்டையில் தொங்கவைத்து அளக்கும் முறையைப் பயன்படுத்தினர். என்னை ஏழு எண்ணுவதற்குள் வீழ்த்திய சோதனை அதுவே.

பெண்களைப் பற்றிய செய்தி அதனினும் சுவையானது. ஒருமுறை அழுத்தும் வலுவில் பெண்கள் பொதுவாக ஆண்களுக்குப் பின்தங்கியே நிற்கின்றனர். ஆனால், அவரவர் முழுவலுவில் ஒரே விழுக்காட்டளவு பலத்தோடு தொடர்ந்து பிடித்திருக்கச் சொன்னால், பெண்கள் பெரும்பாலும் கூடுதல் நேரம் தாங்குகின்றனர். அவர்களுடைய தசை இரத்தக் குழாய்களை நெரிக்கும் அழுத்தம் குறைவு என்பது அதற்குச் சொல்லப்படும் காரணங்களுள் ஒன்று. ஆயினும் ஜூடோ ஆய்வுகளுள் பெரும்பாலானவை ஆண்களை வைத்தே நடத்தப்பட்டவை. பெண் வீராங்கனைகளின் சோர்வைத் தனியே அளந்த ஆய்வுகள் குறைவு. பெண்ணின் களைப்பை யாரும் கணக்கில் எடுப்பதில்லை என்பது வீட்டுக்கு மட்டும் உரியதன்று போலும்!

பிடியை விடாத பெண்கள்

2021 சூலை 28 அன்று டோக்கியோ ஒலிம்பிக்கில், பெண்கள் 70 கிலோ பிரிவின் அரையிறுதி ஆட்டம் நடைபெற்றது. ஜப்பானின் சிசுரு அராயும் இரஷ்ய அணியின் மடினா தைமசோவாவும் மோதினர். 4 நிமிடத்தில் முடிய வேண்டிய ஆட்டம் 16 நிமிடத்தையும் தாண்டிச் சென்றது. வீங்கிய கண்ணோடு தைமசோவா பிடித்துக்கொண்டே இருந்தார். இறுதியில் அராயின் கழுத்து நெரிப்பில் நினைவிழந்தார். அதே நாளில் அராய் தங்கம் வென்றார். நினைவு திரும்பிய தைமசோவா மீண்டும் களமிறங்கி வெண்கலம் வென்றார்! அந்தக் காணொளியைப் பார்த்தபோது நான் கவனித்தது எறிதல்களை அன்று; விரல்களை. பிடி நழுவுகிறது, மீண்டும் நீள்கிறது, மீண்டும் பற்றுகிறது.

இந்தியாவின் மணிப்பூரைச் சேர்ந்த சுசீலா லிக்மபம் 48 கிலோ பிரிவில் ஆடுபவர். 2014-இல் கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் வெள்ளி. டோக்கியோ ஒலிம்பிக்கில் இந்தியாவின் சார்பில் ஜூடோவில் கலந்துகொண்டவர் அவர் ஒருவரே. முதல் ஆட்டத்திலேயே தோற்றார். 2022-இல் பர்மிங்காமில் மீண்டும் இறுதியாட்டம். தென்னாப்பிரிக்காவின் மைக்கேலா வைட்போயிடம் கூடுதல் நேரத்தில் தோற்று, மீண்டும் வெள்ளி. இரண்டு வெள்ளிகளுக்கு இடையில் எட்டு ஆண்டுகள்! எட்டு ஆண்டுகள் பிடியைத் தளரவிடாமல் வைத்திருந்தார் என்றே நான் அதைப் படிக்கிறேன்.

அதே போட்டியில் 78 கிலோவுக்கு மேற்பட்ட பிரிவில் வெள்ளி வென்றவர் டெல்லியின் துலிகா மான். தந்தையை இழந்த அவரைக் காவல்துறையில் பணியாற்றிய தாயார் தனியொருவராக வளர்த்தார். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் துலிகா, நான்கு ஒலிம்பிக் பதக்கங்கள் வென்ற கியூபாவின் இடாலிஸ் ஓர்டிசிடம் 28 நொடிகளில் தோற்றார். 16 நிமிட ஆட்டமும் ஜூடோதான், 28 நொடி ஆட்டமும் ஜூடோதான். இரண்டுக்கும் பின்னால் உள்ள பயிற்சி ஆண்டுக்கணக்கானது.

இவர்களுக்கு முன்னே வழி திறந்தவர்களையும் நினைக்க வேண்டும். அமெரிக்காவின் ரஸ்டி கனோகோகி 1959-இல் நியூயார்க்கில் ஆண்களுக்கான போட்டியில் ஆண்போல் தோன்றி ஆடி வென்றார். பெண் என்று தெரிந்ததும் பதக்கத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டனர். அவர் சோர்ந்துவிடவில்லை. 1980-இல் நியூயார்க்கில் பெண்களுக்கான முதல் உலகப் போட்டியை நடத்திக் காட்டினார். அதற்காகத் தம் வீட்டையே அடகு வைத்தார். 1988-இல் சியோலில் காட்சிப் போட்டியாகவும், 1992-இல் பார்சிலோனாவில் முழுப் பதக்கப் போட்டியாகவும் பெண்கள் ஜூடோ ஒலிம்பிக்கில் இடம்பெற்றது. பறிக்கப்பட்ட பதக்கம் 2009-இல் அவரிடம் திரும்பி வந்தது. ஐம்பது ஆண்டுகள்!

நம் ஆசிரியர்களுக்காக இன்னுமொரு செய்தி. 1882-இல் ஜூடோவை உருவாக்கிய கானோ ஜிகோரோ ஓர் ஆசிரியர். ஆசிரியர்களை உருவாக்கும் டோக்கியோ உயர்நிலை ஆசிரியர் கல்லூரியின் தலைவராக இருபது ஆண்டுகளுக்கும் மேல் பணியாற்றியவர். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் உடற்கல்வி உளவியல் எல்லாம் படித்துத் தேர்வெழுதிய எனக்கு இது தெரியாது. ஆசிரியர் ஒருவர் பிள்ளைகளின் நலனுக்காக அமைத்த கலையை, ஆசிரியையான நான் ஒரு சிவப்புக் குறிப்பால் நிறுத்தப் பார்த்தேன்.

இரண்டு கைகள்

அடுத்த வியாழன் மாலை, மாணவியின் இல்லத்திற்கு நானே சென்றேன். தாயார் அப்போதுதான் பாலத்தைக் கடந்து வந்திருந்தார். தேநீர்க் குவளையைக் கொண்டு வந்தவர், அதை இரு கைகளாலும் பிடித்திருந்தார்.

"கை வலிக்குதாம்மா?"

"தெனமும்தான் டீச்சர். பாலத்துல ஒரு மணி நேரம் பிரேக்க பிடிச்சுப் பிடிச்சு விட்டுக்கிட்டே வரணும். வீட்டுக்கு வந்தா கொஞ்ச நேரத்துக்கு விரலு மடங்காது."

நான் கொண்டுவந்த செய்திகளைச் சொல்ல வேண்டிய தேவையே இல்லாமல் போயிற்று. "உங்க பொண்ணுக்குத் திங்கக்கிழமை காலையில அப்படித்தான் இருக்கு. நான் அது தெரியாம எழுதிட்டேன். தப்பு என்னோடது," என்றேன்.

கூடத்தின் மூலையில் அமர்ந்திருந்த பாட்டி அதுவரை பேசவில்லை. "பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு" என்று கேட்ட பெரியவர் அவர்தான். இந்த வட்டாரத்து வீடமைப்புப் பகுதிகளுள் பல, முன்பு இரப்பர்த் தோட்டங்களாக இருந்தவை. அப்படியொரு தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர் அவர். மெல்லத் தம் வலக்கையை நீட்டி விரல்களை விரிக்க முயன்றார். சுண்டுவிரலும் மோதிர விரலும் முழுவதும் நிமிரவில்லை.

"மரம் வெட்டுற கத்தி பிடிச்ச கை. விடியறதுக்கு முந்தி போயி, ஒவ்வொரு மரமா வெட்டி, பால் எடுத்து, காண்டாக் கம்புல ரெண்டு வாளியத் தூக்கிக்கிட்டு வருவோம். ராத்திரி சோத்த பெசஞ்சா விரலுக்கு உணர்வு இருக்காது. அப்ப எவனும் பொம்பளைக்கு எதுக்குன்னு கேக்கல."

சற்று நேரம் யாரும் பேசவில்லை. பேத்தி மட்டும் பாட்டியின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். நாடா சுற்றிய சின்ன விரல்களும் நிமிராத பெரிய விரல்களும் ஒன்றாக இருந்தன. மூன்று தலைமுறைப் பெண்களின் பிடியால் நிற்கும் வீடு அது. அவர்களுள் தன் விருப்பத்திற்காகப் பிடிக்கும் வாய்ப்பு இந்தப் பிள்ளை ஒருத்திக்கே கிடைத்திருக்கிறது.

"விளையாடட்டும்" என்றார் பாட்டி. அவ்வளவுதான்.

நாங்கள் செய்துகொண்ட ஏற்பாடு

மறுநாள் அவளுடைய ஏட்டை வாங்கி, என் சிவப்புக் குறிப்பைக் கோடிட்டு அடித்தேன். கீழே பச்சை மையில், "இக்குறிப்பு தவறானது. ஆசிரியை விசாரிக்காமல் எழுதிவிட்டார்" என்று எழுதிக் கையொப்பமிட்டேன். வகுப்பின் முன்னிலையில் அவளிடம் மன்னிப்பும் கேட்டேன். பிள்ளைகள் சற்றுத் திகைத்தார்கள். ஆசிரியரும் பிழை திருத்தம் செய்வார் என்பது அவர்களுக்குப் புதிய பாடமாக இருந்திருக்கும்.

பின்னர்ப் பயிற்றுநர், தாயார், நான் மூவரும் கலந்து பேசிச் சிலவற்றை வகுத்துக்கொண்டோம். விளையாட்டில் ஈடுபடும் பிள்ளைகளைக் கொண்ட மற்றவர்களுக்கும் இவை உதவக்கூடும்.

1. ஞாயிறன்று போட்டி இருந்தால், எனக்கு முன்கூட்டியே செய்தி வரும். அந்தத் திங்கட்கிழமை நீண்ட எழுத்துப் பயிற்சிக்குப் பதிலாக அவள் வாய்மொழியாக விடையளிப்பாள். எழுத்து வேலையைப் புதன்கிழமைக்குள் முடித்துத் தருவாள். சலுகை என்று இதனைக் கருத வேண்டாம். வேலை குறைக்கப்படவில்லை, நாள்தான் மாறியது.

2. எடைப்பிரிவுக்காக உணவையோ தண்ணீரையோ குறைக்கக் கூடாது. வளரும் பிள்ளைக்கு அது பெருந்தீங்கு. எடை கூடினால் அடுத்த பிரிவில் ஆடட்டும். பயிற்றுநர் இதில் எங்கள் எல்லோரையும்விடக் கண்டிப்பாக இருந்தார்.

3. உறக்கமும் உணவும் பயிற்சியின் பகுதிகள். வளரிளம் பருவத்தை எட்டும் பெண்பிள்ளைகளுக்கு இரும்புச் சத்துக் குறைவு எளிதில் ஏற்படும்; அதுவும் களைப்பை மிகுவிக்கும். தொடர்ந்து களைப்பு இருந்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். "சோம்பேறி" என்று பெயர் சூட்டக் கூடாது.

4. விரல் மூட்டு வீங்கினாலோ, மரத்துப்போனாலோ, இரண்டு மூன்று நாள்கள் கடந்தும் வலி தீராவிட்டாலோ பயிற்சி இல்லை. நாடா சுற்றுவது மருத்துவம் ஆகாது. விரல் மூட்டுகள் ஆண்டுக்கணக்கில் தேய்ந்து போவது ஜூடோ வீரர்களிடையே அறியப்பட்ட துன்பம்.

5. கை எந்த நிலையில் இருக்கிறது என்பதைப் பிள்ளையே சொல்லப் பழக வேண்டும். இதுவே எல்லாவற்றிலும் கடினமாக இருந்தது. நம் பிள்ளைகள், குறிப்பாகப் பெண்பிள்ளைகள், வலியைச் சொல்லாமல் இருப்பதையே நற்பண்பு என்று கற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

ஆசிரிய நண்பர்களே, நம் பள்ளிகளில் நான்காம் ஆண்டு முதல் ஆண்டுக்கு இருமுறை செகாக் உடல்தகுதிச் சோதனையை நடத்துகிறோம். பலகை ஏறி இறங்குகிறார்கள், தண்டால் எடுக்கிறார்கள், உடலை வளைக்கிறார்கள், கால் நீட்டி எட்டுகிறார்கள். எண்களைக் கணினியில் பதிகிறோம். கைப்பிடி அதில் இல்லை. ஆனால், நாள் முழுவதும் நாம் மதிப்பிடுவது பிள்ளைகளின் கைகள் உண்டாக்கும் எழுத்தைத்தான். அந்தக் கை நேற்று என்ன செய்தது என்று கேட்பதற்குக் கருவி எதுவும் வேண்டியதில்லை. ஒரு வினா போதும். அந்த ஒரு வினாவைக் கேட்க எனக்கு ஐந்து மாதங்கள் ஆயின.

என் மாணவி பிற்காலத்தில் பெரிய வீராங்கனை ஆவாளா? அதை நான் இங்கு எழுதத் தேவையில்லை. அதற்குப்பின் நடந்த இரண்டு போட்டிகளிலும் முதல் சுற்றிலேயே தோற்றாள். ஆனாலும் சனிக்கிழமை தவறாமல் பயிற்சிக்குப் போகிறாள். திங்கட்கிழமைகளில் எழுத்து இன்னும் கோணலாகத்தான் வருகிறது; செவ்வாய்க்கிழமை நேராகிவிடுகிறது.

எங்கள் ஸ்கூடாய்ப் பகுதியில் மழை பெய்து கால்வாய்கள் நிறையும்போது, உடும்புகள் கரையேறி வருவதைக் காணலாம். "பிடித்தால் உடும்புப் பிடி" என்று வகுப்பில் எத்தனையோ முறை மரபுத்தொடர் விளக்கியிருக்கிறேன். பிடிவாதம், விடாமுயற்சி என்று பொருள் எழுதிக் கொடுத்து, வாக்கியமும் அமைக்கச் சொல்லியிருக்கிறேன். இவ்வாண்டு அந்தப் பாடம் வந்தபோது, அவளை முன்னே அழைத்து, பிடி என்றால் என்னவென்று விளக்கச் சொன்னேன். வெட்கத்தோடு வந்து நின்று, தோழியின் சட்டைக் கையை எப்படிப் பற்றுவது என்று காட்டினாள்.

"எப்பவும் இறுக்கிக்கிட்டே இருக்கக் கூடாது டீச்சர். அப்படி இருந்தா சீக்கிரம் கை செத்துப் போயிடும். தேவைப்படறப்பதான் இறுக்கணும். மத்த நேரம் சும்மா பிடிச்சிருந்தா போதும்," என்றாள்.

பிள்ளைகளை வளர்க்கும் நமக்கும் அது பொருந்தும் என்று தோன்றியது. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

 

அன்புடன்,
உங்கள் ஆசிரியை,
ஸ்கூடாய், ஜொகூர்.